மாப்பிள்ளைக் குச்சி

அத்தை தம் மகளின் வீட்டோடு வந்து தங்கிய மூன்றாவது வாரத்தில் மாப்பிள்ளை ஒன்றைக் கவனித்தார். ஒரு வாரத்தில் தீர வேண்டிய பெல்லட் மூட்டை பதினொரு நாள் வந்தது.

அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு பெல்லட் அடுப்பு இருந்தது. சமைக்க அல்ல, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க. அதன் தலையில் ஒரு தொட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகளை அதில் கொட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பென்சில் கனம், சுண்டுவிரலில் பாதி நீளம். தொட்டிக்கு அடியில் சுழலும் ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட குமிழ். காலையில் மாப்பிள்ளை மரச்சாமான் பட்டறைக்கும் மகள் பல் டாக்டர் கிளினிக்குக்கும் கிளம்பும்போது குமிழ் நான்கில் இருக்கும். மாலையில் திரும்பி வரும்போதும் நான்கில்தான் இருக்கும். நடுவில் எட்டு மணி நேரம் அது ஒன்றில் கிடந்தது என்பதை மூட்டைதான் காட்டிக்கொடுத்தது.

"நாம தெருமுனை திரும்புறதுக்குள்ள உங்க அம்மா குறைச்சுடுறாங்க" என்றார் மாப்பிள்ளை, கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டே.

"தெரியும். முட்டி ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்கு. கேட்டா, எனக்குக் குளிரே தெரியலடிங்கறாங்க."

"நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"நீங்க சொல்லுங்களேன். உங்க அத்தைதானே."

மாப்பிள்ளை துண்டை உதறி மாட்டினார். அது நடக்கிற காரியம் இல்லை. கல்யாணமான இந்தப் பதினான்கு வருஷத்தில் அவர் அத்தையிடம் நேராகப் பேசிய சொற்களை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். வாங்க அத்தை, சாப்பிட்டீங்களா அத்தை, வர்றேன் அத்தை. அத்தையும் சளைத்தவர் அல்ல. வாங்க மாப்பிள்ளை, ஆச்சு மாப்பிள்ளை, பாத்துப் போங்க மாப்பிள்ளை. அதற்கு மேற்பட்ட சங்கதி எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வரும். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேளு" என்பார் அவர். "போதும்னு சொல்லும்மா" என்பார் அத்தை. மகள் டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருப்பாள், இரண்டும்தான் இரண்டு பேர் காதிலும் விழுந்துவிட்டதே. இவர்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. ஒருவர் மேல் மற்றவருக்கு இருந்த மரியாதை அவ்வளவு. எங்கே வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொள்வோமோ என்று இருவருக்கும் பயம்.

அத்தை இருபத்தெட்டு வருஷம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் காஜா மிஷினில் உட்கார்ந்தவர். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்ட கை. மகளைத் தனியாளாக வளர்த்துக் கரை சேர்த்த பிறகும் ஒற்றை அறையில் தன் சோற்றைத் தானே சமைத்துச் சாப்பிட்டவர். அவர் இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்த பிறகுதான், அதுவும் மாப்பிள்ளையே வண்டி எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்ற பிறகுதான், பெட்டியைக் கட்டினார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவருக்கு எலும்பில் ஊறிய எண்ணம்.

"காசு குடுத்து வாங்குன சாமானை நாம உக்காந்து எரிக்கிறதான்னு நெனைக்கிறாங்க" என்றார் மாப்பிள்ளை. "காசு குடுக்காத சாமானா இருந்தா குறைக்க மாட்டாங்க."

"காசு குடுக்காம எவன் தருவான்?"

"பட்டறையில மரத்தூள் மலை மாதிரி கெடக்கு. வாரிட்டுப் போனா போதும்னு இருக்கார் முதலாளி."

இப்படித்தான் அந்த யோசனை பிறந்தது.

இயந்திரம் கிடைத்தது ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம். தீவனம் செய்ய வாங்கியதாம். கோழிகளை விற்றுவிட்டுப் பண்ணையை மூடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் கொட்டகை உண்டு. கொட்டகை கட்டிவிட்டால் கார் தானாக வரும் என்று நம்பிக் கட்டியது. கார் வராத அந்த இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. ஒரு மோட்டார், மேலே தூளைப் போட ஒரு புனல், உள்ளே சல்லடை போலத் துளைகள் கொண்ட கனமான இரும்புத் தட்டு. தட்டின் மேல் இரண்டு உருளைகள் ஓடி, தூளைத் துளைகளுக்குள் மிதித்துத் தள்ளும். தள்ளுகிற தள்ளில் இரும்பு கொதிக்கும். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கிற பிசினே இளகித் தூளை ஒட்டவைக்கும். தனியாகப் பசை எதுவும் வேண்டாம்.

முதல் வாரம் வந்ததெல்லாம் தவிடு மாதிரி உதிரிதான். அதிலும் கோழித் தீவன வாடை. இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை, தலை முதல் கால் வரை தூள் படிந்து, இமை மயிர்கூட வெளுத்துப்போய் மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தார். மேஜையில் ஒரு கைப்பிடிக் குச்சிகளை வைத்தார். பழுப்பு நிறம், பளபளப்பு, இன்னும் சூடு. அத்தை ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லும்மா."

மகள் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அன்று மாலையே மூன்று பிளாஸ்டிக் மூட்டை கட்டி அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அடுப்பு அணைந்தது. அத்தை தொட்டியைத் திறந்தார். உள்ளே குச்சிகளைக் காணோம், மாவாக உதிர்ந்திருந்தது. திருகு அந்த மாவை அள்ள முடியாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி கரி பிடித்துக் கறுத்திருந்தது. அவர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு, குழம்புக் கரண்டியால் மாவை எல்லாம் அள்ளி, திருகைத் துடைத்து, கண்ணாடியைச் சாம்பலும் ஈரத்துணியும் போட்டுத் தேய்த்து, மறுபடி பற்றவைத்தார். இரண்டு மணிக்கு மறுபடி அணைந்தது.

மாலை மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் இருந்தே கேட்டார். "அடுப்பு எப்படி எரிஞ்சுச்சாம்?"

அத்தைக்கு உண்மை தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் நின்ற நிலை, பரீட்சை முடிவைப் பார்க்க வந்தவர் போல இருந்தது. நகக்கண் எல்லாம் மரத்தூள். ஒரு கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"ஜம்முனு எரிஞ்சுச்சுன்னு சொல்லும்மா" என்றார் அத்தை.

சொன்ன பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாள் காய்கறி வாங்கும் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு தெருமுனை பெயிண்ட் கடைக்குப் போனார். அங்கேதான் பெல்லட்டும் விற்பார்கள்.

"உங்க வீட்லதான் மாப்பிள்ளையே செய்றாராமே" என்றார் கடைக்காரர். "நேத்துகூட இங்க வந்து, இனிமே உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்னு சிரிச்சுட்டுப் போனார்."

"இது வேற ஒருத்தருக்கு."

கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு பதினைந்து கிலோ மூட்டையைத் தூக்கி அவரே சக்கரப் பையில் வைத்து, மேலே மறைக்க ஒரு பழைய அட்டையும் கொடுத்தார். "வேற ஒருத்தருக்குத்தான்" என்றார்.

மூட்டை அத்தையின் கட்டிலுக்கு அடியில் போனது. மாப்பிள்ளை செய்த குச்சியில் நல்லதாக இருந்த மேல்பாகத்தை எடுத்து, அதோடு கடைச் சரக்கைப் பாதிக்குப் பாதி கலந்து தொட்டியில் போட்டார். அப்படியும் அடுப்பு இருமியது. மூன்றாம் நாளிலிருந்து முழுக்க முழுக்கக் கடைச் சரக்கு. மிச்சமான மாவை என்ன செய்வது? இரண்டு பேரும் இல்லாத நேரத்தில் வாளி வாளியாகக் கொட்டகைக்கு எடுத்துப்போய், மாப்பிள்ளை பட்டறையிலிருந்து கொண்டுவந்து குவித்திருந்த தூளோடு சேர்த்துக் கிளறிவிட்டார். அடுத்த மூன்று வாரத்தில் மாப்பிள்ளை அரைத்தது பெரும்பாலும் ஒரே தூளைத்தான்.

"ஆச்சரியமா இருக்கு. எவ்வளவு எடுத்தாலும் குவியல் குறையவே மாட்டேங்குது" என்பார் சாப்பிடும்போது.

"நம்ம கைராசி" என்பாள் மகள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இதில் அத்தையே எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. குமிழைக் குறைக்க அவருக்கு இப்போது கை போகவில்லை. அது தன் பென்ஷனில் வாங்கிய தீ. யாருக்கும் பாரம் இல்லை. காலை பத்து மணிக்கு நாற்காலியை அடுப்புக்கு நேராக இழுத்துப் போட்டு, புடவையை முட்டி வரை ஏற்றிவிட்டு, குமிழை நான்கிலிருந்து ஐந்துக்கே திருப்பி, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்துகொள்வார். கதகதப்பு முட்டிக்குள் இறங்கி முதுகுக்கு ஏறும். சில நாள் அப்படியே தூங்கியும்விடுவார்.

மாப்பிள்ளை சாயங்காலம் கண்ணாடிக்குள் நின்று எரியும் தீயைப் பார்ப்பார், அத்தையின் முகத்தில் தெரியும் சிவப்பைப் பார்ப்பார். மனைவியிடம் கண்ணைக் காட்டுவார். பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அக்கா வரும் வரையில்.

அக்கா கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "டேய் தம்பி, இது நீ செஞ்சதா? எங்க வீட்ல உங்க மாமா ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததிலேருந்து மூணு போர்வையை விட்டு வெளிய வர மாட்டேங்கறார். எனக்கு ஒரு எட்டு மூட்டை போட்டுக் குடுடா."

"எட்டு என்னக்கா, பத்தா வாங்கிக்க. வர்ற ஞாயித்துக்கிழமை ரெடியா இருக்கும்."

அத்தை சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். சொந்த வீட்டு அடுப்பென்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். அக்கா வீட்டு அடுப்பில் யார் போய்க் கலப்பது? பத்து மூட்டையும் மாவாக உதிர்ந்து, ஆபரேஷன் ஆன மனிதர் குளிரில் விறைத்து, அக்கா போனில் கூப்பிட்டு என்னடா இது என்று கேட்டால், மாப்பிள்ளை யார் முகத்தில் விழிப்பார்?

திங்கட்கிழமை வீடு காலியானதும் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மிஷின் என்றால் அவருக்குப் பயம் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் மிஷினோடு குடும்பம் நடத்தியவர். சுற்றி வந்து பார்த்தார். உருளைகளை இறுக்க இரண்டு போல்ட் இருந்தன. குச்சி உதிர்கிறது என்றால் அழுத்தம் போதவில்லை, இறுக்கினால் கெட்டியாக வரும் என்று அவருக்குப் பட்டது. ஸ்பேனரை எடுத்து இரண்டையும் இனி இறுக்க முடியாது என்கிற மட்டும் இறுக்கினார். ஸ்விட்சைப் போட்டார். குவியலில் மேலாக இருந்த தூளை, அதாவது முந்தின வாரம் தாமே கொட்டிய ஈர மாவை, இரண்டு முறம் அள்ளிப் புனலில் போட்டார்.

இயந்திரம் முதலில் முனகியது. பிறகு உறுமியது. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. அடியில் ஒரு குச்சிகூட விழவில்லை. டொம் என்று ஒரு சத்தத்தோடு மோட்டார் நின்றுபோனது. ஸ்விட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார். தட்டின் துளை ஒவ்வொன்றிலும் மரத்தூள் அடைத்துக்கொண்டு, ஆணி அடித்தால்கூட இறங்காதபடி இறுகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. இந்தக் குரங்குக்குக் கை காலும் இல்லை.

மாலை மாப்பிள்ளை கொட்டகைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் கை கழுவும் தொட்டியடியில் நின்று மனைவியிடம் சொன்னார். "தட்டு மொத்தமா அடைச்சுப்போச்சு. கடைசியா எண்ணெய் கலந்த தூள் ஓட்டித்தான் மிஷினை நிறுத்தணும். நேத்து அக்கா வந்த சந்தோஷத்துல அதை மறந்துட்டேன் போல இருக்கு. எல்லாம் என் அஜாக்கிரதை."

அத்தை எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொண்டிருப்பார். அதைத் தாங்க முடியவில்லை. தம் அறையிலிருந்து வெளியே வந்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்றார்.

"மாப்பிள்ளை, அது நான் பண்ணது."

மாப்பிள்ளை வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"நான்தான் போல்ட்டை இறுக்கி மிஷினை ஓட்டினேன். நீங்க ஒண்ணும் மறக்கல. இன்னொண்ணும் சொல்லிடறேன். மொத நாள் எரிஞ்சதுதான் நீங்க செஞ்சது. அது பதினொரு மணிக்கே அணைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் இந்த மூணு வாரமா எரியறது கடைச் சரக்கு. கட்டிலுக்கு அடியில இருக்கு, வேணும்னா பாருங்க."

மாப்பிள்ளை அத்தையின் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார் மாப்பிள்ளை.

"கட்டிலுக்கு அடியில பெருக்கறது யாருன்னு நெனச்சீங்க?"

மாப்பிள்ளை கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அத்தைக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். டீயை மட்டும் குடித்துவிட்டு, பசிக்கவில்லை என்று போய்ப் படுத்துவிட்டார். அத்தையும் சாப்பிடவில்லை. மூன்று பேருக்கு ஆக்கிய சாப்பாட்டில் மகள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாள். "நான் எந்தத் தப்பும் பண்ணல, நான் ஏன் பட்டினி கெடக்கணும்" என்று சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் மாப்பிள்ளை வேலை விட்டு வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பட்டறையிலிருந்து இரவல் வாங்கிவந்த ட்ரில் முனைகள். கொட்டகையிலிருந்து இரும்புத் தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, கூடத்தில் அடுப்புக்கு முன்னால் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தார். சப்பணம் போட்டு உட்கார்ந்து துளை துளையாகக் குடைய ஆரம்பித்தார். நூற்று இருபது துளை. ஒன்றைக் குடைந்து முடிக்க நாலைந்து நிமிஷம் பிடித்தது.

மூன்றாவது துளையில் இருக்கும்போது அத்தை வந்தார். ஒரு சுத்தியலும் தலை தட்டையான நீள ஆணியும் அவர் கையில் இருந்தன. மெதுவாக எதிரே உட்கார்ந்து முட்டியை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை பாதி குடைந்த துளையில் ஆணியை நிறுத்தி ஒரே தட்டு. அடைப்பு மறுபக்கம் தெறித்து விழுந்தது. மாப்பிள்ளை தலைநிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லாத் துளையையும் அவர் பாதி மட்டும் குடைந்தார். மீதியை அத்தை தட்டினார். வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடந்தது.

"மாப்பிள்ளை, கோபம் இருந்தா திட்டிடுங்க. சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க."

"கோபம் இல்ல அத்தை." ட்ரில்லை நிறுத்தினார். "வெக்கமா இருக்கு. பட்டறையில ஒருத்தர் பாக்கியில்லாம பெருமையடிச்சு வெச்சிருக்கேன். பெயிண்ட் கடைக்காரர்கிட்டகூட, இனிமே உங்க கடைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவருக்குத் தெரியும்."

"எப்படி?"

"அவர்கிட்டதானே நான் வாங்கினேன். மேல மூட அட்டை வேற குடுத்தார்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பதினான்கு வருஷத்தில் அவர் சிரித்து அத்தை பார்த்ததே இல்லை. பல் வரிசையில் ஓரமாக ஒரு தெற்றுப்பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டீங்க? பட்டறையில வேலை செஞ்சு களைச்சு வர்றது போதாதா?"

"நீங்க அடுப்பைக் குறைச்சு வெக்கிறீங்கல்ல." அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "காசு குடுக்காத சரக்கா இருந்தா நீங்க குறைக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அத்தையின் சுத்தியல் பாதியில் நின்றது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"குறைக்கல" என்றார். "இந்த மூணு வாரமா அஞ்சுல வெச்சுட்டு உக்காந்திருந்தேன். என் காசாச்சேன்னு."

"அஞ்சுலயா?"

"புடவையை முட்டி வரைக்கும் ஏத்திவிட்டுக்கிட்டு."

சமையலறையிலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஐம்பதாவது துளை வாக்கில் மாப்பிள்ளை வேறொன்று கேட்டார். "அத்தை, நான் செஞ்ச மூட்டையைத் திறந்ததும் எப்படி இருக்கும்? எல்லாத்தையும் நீங்கதானே திறந்தீங்க."

"மேல ரெண்டு கை அளவு அருமையா இருக்கும். நடுவுல கைய விட்டா கதகதன்னு இருக்கும். அடியில எல்லாம் மாவு."

"கதகதன்னா?"

"ஆமா. சாயங்காலம் நீங்க கட்டி வெக்கிற மூட்டை காலையிலகூட உள்ள சூடா இருக்கும். பிளாஸ்டிக் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருக்கும்."

மாப்பிள்ளை ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். "சூட்டோட கட்டியிருக்கேன் அத்தை. கொதிக்கக் கொதிக்க வாய் கட்டி வெச்சா வேர்க்காம என்ன செய்யும்? வேர்த்த தண்ணியிலயே ஊறி உதிர்ந்திருக்கு. ஆற வெச்சுல்ல கட்டியிருக்கணும்." பிறகு ஞாபகம் வந்தவராக, "தூள்கூட நாளுக்கு நாள் ஈரமாயிட்டே போச்சு. பட்டறையில நல்ல காஞ்ச தூளாத்தான் எடுத்தேன், அது ஏன்னுதான் இன்னும் புரியல."

"அது நான் கொட்டினது."

"எது?"

"உதிர்ந்த மாவு. வீணாக்க வேண்டாமேன்னு உங்க குவியல்லயே கலந்துட்டேன்."

"அதான் குறையவே இல்லையா." மறுபடி அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்து ஓய்ந்ததும் சொன்னார். "மொத நாளே நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன் அத்தை."

"சொல்லியிருக்கணும்" என்றார் அத்தை. "உங்க முகத்தைப் பாத்தேனா, வாய் வரல."

அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை முழுவதும் தூளை உலர்த்துவதில் போனது. பழைய ஜன்னல் திரைகளைக் கூடத்தில் விரித்து, அடுப்பைச் சுற்றித் தூளை மெல்லிசாகப் பரப்பி, அத்தை மணிக்கொரு தரம் கையால் துழாவிவிட்டார். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உடைய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. மாப்பிள்ளை எழுதிவைத்துவிட்டுப் போன கணக்கு அது. வியாழக்கிழமை மாலை தட்டைப் பூட்டி, உருளைகளைத் தளர்த்தி, இயந்திரத்தை ஓட்டினார்கள். இரும்பு சூடேறும் வரை வந்த முதல் வாளி தவிட்டை மறுபடி புனலிலேயே போட்டார்கள். அடுத்து வந்தது குச்சி. சுடச்சுட, மெழுகு பூசினாற்போல. அதை மூட்டையில் போடாமல், கழற்றி வைத்திருந்த கொசுவலை ஜன்னல் சட்டத்தில் பரப்பி, மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அத்தை சட்டத்தைக் குலுக்கினார். கண்ணாடி வளையல் போலக் கலகலவென்று சத்தம் வந்தது. கெட்டியாக இருந்தால் மூழ்க வேண்டும் என்று, மாப்பிள்ளை ஒரு குச்சியை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மிதக்காமல் நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"அப்பாடா" என்றாள் மகள். "இனிமே கட்டிலுக்கு அடியில நிம்மதியா பெருக்கலாம்."

பத்து மூட்டை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்துதான் முடிந்தது. வந்த அக்காவிடம் மாப்பிள்ளையே எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப போன வாரம் நான் பாத்த தீ?"

"அது கடைச் சரக்குக்கா. என் மனசு நோகக் கூடாதுன்னு அத்தை வாங்கிப் போட்டது."

அக்கா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார்.

"என் மாமியார் எனக்குத் தெரியாம என்ன செஞ்சாலும் அது என் காலை வாரத்தான் இருக்கும்" என்றார் அக்கா. "நீ குடுத்து வெச்சவன்டா." ஐந்து மூட்டையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை போன் வந்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். அத்தை கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் எரியுது" என்றது அக்காவின் குரல். "கடைச் சரக்கைவிடச் சாம்பல் கொஞ்சம் ஜாஸ்தி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மாமா மூணு போர்வையையும் ஒதறிட்டு அடுப்பு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கார். எழுப்பவே முடியல. மீதி அஞ்சு எப்படா?"

"சாம்பல் எதனால?" என்று கேட்டார் அத்தை, நேராக மாப்பிள்ளையைப் பார்த்து.

"மரப்பட்டை கலந்திருக்கும் அத்தை. வெட்டு மிஷின் அடியில எடுத்த தூள்ல பட்டையும் இருக்கும். இழைப்பு மிஷின் அடியில எடுத்தா சுத்தமா இருக்கும்."

"அப்ப அதையே எடுக்க வேண்டியதுதானே?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் குவிஞ்சு கெடக்கும். பொறுக்கிப் பிரிக்கணும். ஒரு ஆளால ஆகாது."

சனிக்கிழமை பட்டறைக்கு அரை நாள். மாப்பிள்ளை இரவல் வேனை வாசலில் நிறுத்தியபோது அத்தை காலி மூட்டைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயாராக நின்றார். தலையில் மகளின் கம்பளித் தொப்பி.

பட்டறைக்குப் பின்புறம் தகரக் கூரைக்கு அடியில் தூள் மலை கிடந்தது. அத்தை அதைச் சுற்றி வந்தார். ஓர் இடத்தில் அள்ளி முகர்ந்து பார்த்து, "இது பிளைவுட்டு. பசை நாத்தம் அடிக்குது, வேண்டாம்" என்று ஒதுக்கினார். இன்னோர் இடத்தில் வெளுப்பாக, மாவு போல மென்மையாக இருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்துத் தலையசைத்தார். இழைப்பு மிஷின்காரர், பெரிய மீசை வைத்தவர், கையில் டீயோடு வந்து நின்றார்.

"யாருய்யா இவங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"எங்க அத்தை. குச்சி செய்றோம்னு சொன்னேன்ல, அது நாங்க ரெண்டு பேருந்தான்."

"நீ ஒருத்தனா செய்றதால்ல சொன்ன?"

"அது அப்ப" என்றார் மாப்பிள்ளை.

மீசைக்காரர் தம் மிஷினுக்கு அடியிலிருந்த தூளை அவரே கூட்டி அள்ளிக் கொடுத்தார். பன்னிரண்டு மூட்டை ஆயிற்று. வேன் கிளம்பியதும் அத்தை தொப்பியைக் கழற்றி, ஜன்னல் வழியாகத் தூளை உதறினார். காதை மட்டும் மூடிக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை போடலாம் மாப்பிள்ளை?"

"ரெண்டு போடலாம் அத்தை. ஆற வெக்கத்தான் இடம் பத்தல. இன்னும் ரெண்டு சட்டம் இருந்தா மூணு போடலாம்."

"என் அறை ஜன்னல் சட்டத்தைக் கழட்டிக்கலாமே. குளிர்காலத்துல கொசு எங்க வருது."

மாப்பிள்ளை யோசித்தார். "ஆமா" என்றார். "அதை நான் யோசிக்கல."

"மெதுவா திரும்புங்க, பின்னால மூட்டை சரியுது" என்றார் அத்தை.